அக்கறை மற்றும் இணக்க அலுவலகத்தில் என் பெரியம்மா

நான் படித்த பல்கலைக்கழகத்தில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அந்தச் சொல்லை நான் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இன்னோர் அலுவலகத்தின் பெயரைச் சொல்வார்கள். அது எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எந்தப் படிக்கட்டில் ஏறினால் பக்கம் என்பதையெல்லாம் அன்போடு விளக்கி, கதவுவரை வந்து வழியனுப்புவார்கள்.

சோள வயல்களுக்கு நடுவே இருந்த ஊர் அது. நேபாளத்தில் தான்சேன் என்ற மலையூரிலிருந்து போய் இறங்கிய முதல் வாரமே எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களை ஒரு கூடத்தில் உட்காரவைத்து அங்குள்ள சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். அறிவை அங்கே கிரெடிட்டில் அளப்பார்கள். ஒரு பருவத்தில் பன்னிரண்டு கிரெடிட் இருந்தால் நான் முழுநேர மாணவி. ஒன்று குறைந்தால் அந்த நாட்டில் இருக்க எனக்கு உரிமையில்லை. ஒரு பாடத்தைத் தொடக்கத்திலேயே விட்டால் அது ‘கைவிடல்’. நீங்கள் அந்தப் பாடத்தில் சேர்ந்ததே இல்லை என்று ஆகிவிடும். கொஞ்சம் தாமதித்து விட்டால் அது ‘விலகல்’. அந்த வடு மதிப்பெண் பட்டியலில் கடைசிவரை இருக்கும். பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் அறையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள்.

என் அறைத்தோழி எஃபுவா கானா நாட்டுக்காரி. சொற்பாடம் முடிந்து வெளியே வரும்போது என் விலாவில் இடித்தாள்.

“ஏன்டி, சேர்ந்ததே இல்லன்னு ஆக்கிடலாமாமே! எங்க மாமா கல்யாணத்துக்கு இந்த வசதி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்?”

அன்று நாங்கள் சிரித்தோம்.

எனக்கு இரண்டு அம்மாக்கள். போன குளிர்காலத்தோடு இருவருமே இல்லை என்றாகிவிட்டது. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

என்னைப் பெற்றவள் ஹரிமாயா. ஆற்றுக்கு அப்பால் சாலை எட்டாத ஒரு மலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. நான் எலிக்குஞ்சு போலப் பிறந்தேன். மருத்துவர் இல்லாத அந்த ஊரில் நான் பிழைக்க மாட்டேன் என்று பயந்து, தான்சேனில் இருந்த தன் அக்காவிடம் என்னைக் கொண்டுவந்து கொடுத்தாள். அப்பா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அக்காவின் பெயர் தில்குமாரி. பேருந்து நிலையத்தில் டிக்கெட் விற்பவள். பிள்ளை கிடையாது. அவள் “புட்வல்! புட்வல்!” என்று ஒரு குரல் கொடுத்தால் புட்வல் போகாதவனும் ஒரு நிமிடம் யோசிப்பான். அவள் இடுப்பில் நான் வளர்ந்தேன். பெற்றவள் சனிக்கிழமை விடுமுறைக்கு வருவாள். ஒருத்தி எண்ணெய் தேய்ப்பாள், இன்னொருத்தி தலை பின்னுவாள். இருவரையும் அம்மா என்றுதான் கூப்பிடுவேன். இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினால் மட்டும் ஒருத்தி பெரியம்மா ஆவாள். எங்கள் தெருவில் இதில் யாருக்கும் குழப்பமில்லை.

இரண்டாம் ஆண்டு இலையுதிர் பருவத்தின் நடுவில், ஒரு நாள் காலையில் நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மா அழைத்தாள்.

“நமுனா, அக்காவுக்கு மஞ்சள் காமாலைன்னுதானே நெனச்சோம். இல்லையாம்மா. பித்தப்பையில புத்துநோயாம். பரவிடுச்சாம்.”

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“தசைங் வரைக்கும் பார்க்கலாம்னு சொல்றாரு.”

தசைங் எங்கள் பெரிய பண்டிகை. மூத்தவர்கள் இளையவர்கள் நெற்றியில் தயிரும் அரிசியும் குங்குமமும் குழைத்து அப்பி ஆசி சொல்லும் நாள். வாற்கோதுமையை இருட்டில் முளைக்கவைத்து, அந்த மஞ்சள் நாற்றைக் காதோரம் செருகிவிடுவார்கள். பண்டிகைக்கு மூன்று வாரம்கூட இல்லை.

அந்தப் பக்கம் தொலைபேசி கை மாறும் சத்தம் கேட்டது. பெரியம்மாவின் குரல் மெலிந்திருந்தது. ஆனால் பேருந்து நிலையம் இன்னும் அதில் இருந்தது.

“ஏ பொண்ணே! உனக்கு ஜன்னல் சீட்டு புடிச்சி வச்சிருக்கேன். வண்டி கெளம்பறதுக்குள்ள வந்து ஏறிடு.”

“வரேன் பெரியம்மா.”

“வரேன்னு சொன்னவங்களுக்காக வண்டியெல்லாம் நிறுத்த முடியாது. வந்தாதான் வந்த மாதிரி.”

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அவள் கண் திறந்திருக்கும்போது அவள் முன்னால் போய்த் தலை குனிய வேண்டும்.

வெளிநாட்டு மாணவர் ஆலோசகரின் பெயர் கெண்ட்ரா. அவரைப் போல நல்லவரை நான் பார்த்ததில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் கைக்குட்டைத் தாள் பெட்டியை என் பக்கம் தள்ளினார். நாட்டைவிட்டுப் போனவள் திரும்பி உள்ளே வர, விசாவோடு வைத்திருக்கும் தாளில் அவர் கையெழுத்து இருக்க வேண்டும்.

“கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, நமுனா. ஆனா பருவத்துக்கு நடுவுல போறீங்க பாருங்க. அதுக்கு மட்டும் அக்கறை அலுவலகம் சரின்னு சொல்லிடணும். அவங்க சொன்ன அடுத்த நொடி போட்டுடறேன். இதோ பாருங்க, பேனாவ கையிலயே வச்சிருக்கேன்.”

உண்மையிலேயே கையில் வைத்திருந்தார். மூடியைக்கூடக் கழற்றியிருந்தார்.

அந்த அலுவலகத்தின் முழுப் பெயர் அக்கறை மற்றும் இணக்க அலுவலகம். முன்பு மாணவர்களைக் கவனித்துக்கொள்ள ஓர் அலுவலகமும் தண்டிக்க ஓர் அலுவலகமும் தனித்தனியே இருந்தனவாம். சிக்கனம் கருதி ஒன்றாக்கியிருந்தார்கள். அங்கே கைக்குட்டைத் தாள் இன்னும் மிருதுவாக இருந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகம் எவ்வளவு உதவும் என்பதைத் தாளைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதைப் பின்னால் கண்டுகொண்டேன். மிருது கூடக்கூட உதவி குறையும்.

முகப்பு மேசையில் ஆப்ரி என்ற இளம்பெண்.

“துக்க விடுப்பா, முன்துக்க விடுப்பா?”

எனக்குப் புரியவில்லை.

“இறந்துட்டாங்கன்னா துக்கம். இனிமேதான்னா முன்துக்கம்.”

“இன்னும் இருக்காங்க.”

“ஓ, ரொம்ப வருத்தமா இருக்கு,” என்றாள். பிறகு விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அவங்க உங்களுக்கு யாரு?”

“அம்மா,” என்றேன்.

வேறென்ன சொல்வேன்? தான்சேனில் எவரும் இதை இரண்டாம் முறை கேட்டிருக்க மாட்டார்கள்.

ஆப்ரி எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உள்ளறையிலிருந்து டாக்டர் பிரெண்டிஸ் லாக்ரிட்ஜ் தாமே வந்தார். அக்கறைக்கான இணைத் துணைத் தலைவர். என் கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, “உங்க அம்மா இனிமே எங்க அம்மா மாதிரி,” என்றார். பத்து நிமிடத்தில் விடுப்பு கிடைத்தது. கெண்ட்ராவுக்குத் தகவல் மறுநாள் காலை போய்விடும் என்றார்கள்.

வெளியே வரும்போதுதான் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்கள். பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நடு வட்டத்தில். அவர்களுக்கு விடுப்பு உண்டு. உடன்பிறந்தோரும் தாத்தா பாட்டியும் வளர்ப்பு நாயும் இரண்டாம் வட்டத்தில். அவர்கள் போனால் பேராசிரியர்களுக்கு ஒரு பரிவுக் குறிப்பு அனுப்பப்படும். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு மூன்றாம் வட்டத்தில் இருந்தார்கள். அவர்களுக்காக மாணவர் ஒரு கோப்பை சூடான சாக்லேட் பெற்றுக்கொள்ளலாம்.

மறுநாள் நடந்ததை அம்மா பின்னால் சொல்லித்தான் அறிந்தேன். பல்கலைக்கழகத்தின் ஆறுதலைத் தெரிவிக்க, அவசரத் தொடர்புக்கு நான் கொடுத்திருந்த எண்ணை அழைத்திருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு வாய் நனைத்துக்கொண்டிருந்த அம்மா எடுத்திருக்கிறாள்.

“மாணவி நமுனா கார்க்கியின் தாயார் ஹரிமாயாவோட பேசறேனா?”

“ஆம். நான்தான் ஹரிமாயா.”

“எப்படி இருக்கீங்க?”

இருபத்தைந்து ஆண்டுகளாக மலைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒரே குரலில் சொல்லவைத்த பதில் அவளிடம் இருந்தது. “நான் நலமாக இருக்கிறேன். நன்றி. நீங்கள்?”

அழைத்தவர், உண்மையாகவே நலமா என்று மறுபடியும் கேட்டிருக்கிறார். அம்மா இன்னும் தெளிவாக, இன்னும் சரியான உச்சரிப்பில், தான் மிகவும் நலம் என்று சொல்லியிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததாம். மகளின் பல்கலைக்கழகம் அழைக்கும்போது பிழையாக ஆங்கிலம் பேசி என் மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்ற கவலைதான் அந்த நேரத்தில் பெரிதாக இருந்தது என்றாள்.

அன்று மாலை டாக்டர் லாக்ரிட்ஜ் என்னை அழைத்தார். அதே அறை, அதே நாற்காலி. மேசைமேல் இருந்த பெயர்ப்பலகையை மட்டும் திருப்பி வைத்திருந்தார். அதன் மறுபக்கத்தில் ‘இணக்கத்துக்கான இணைத் துணைத் தலைவர்’ என்று இருந்தது.

“நமுனா, நேத்து நான் உங்ககிட்ட அக்கறையா பேசினேன். அது இன்னமும் அப்படியே இருக்கு. அதுல ஒரு துளிகூடக் குறையல. ஆனா இன்னைக்கு நான் இணக்கம். உங்க அம்மா நல்லா இருக்காங்க. அதக் கேட்டு ஒரு மனுஷனா எனக்கு சந்தோஷம். ஒரு அதிகாரியா எனக்கு ரொம்ப வேதனை.”

“சார், அவங்களும் அம்மாதான். நோயில இருக்கறது என் இன்னொரு அம்மா. அம்மாவோட அக்கா.”

“அதாவது மூணாவது வட்டம்.”

“எங்க ஊர்ல வட்டம் கிடையாது சார்.”

“இதத்தான் நாங்க மதிக்கிறோம்,” என்றார் மகிழ்ச்சியோடு. “உங்களோட இந்தப் பண்பாட்ட விசாரணைக் குழு முன்னால நீங்க தாராளமா எடுத்துச் சொல்லலாம்.”

உயிரோடிருக்கும் தாயைச் சாகப் போவதாகக் கூறி விடுப்புப் பெற முயன்றது நேர்மைக் குற்றம். விசாரணை முடியும்வரை என் பெயரில் ஒரு தடை வைத்தார்கள். தடை இருக்கும்போது கெண்ட்ரா கையெழுத்துப் போட முடியாது. போய்ப் பார்த்தேன். பேனா கையில்தான் இருந்தது.

எஃபுவா என் பெட்டியை இழுத்துக் கட்டில்மேல் போட்டாள்.

“ஏன்டி அவங்ககிட்ட போயி அம்மான்னு சொன்ன?”

“பின்ன என்னன்னு சொல்றது?”

“அதுவும் சரிதான். எங்க அம்மாகூடப் பொறந்தவங்க நாலு பேரு. எனக்கு மொத்தம் அஞ்சு அம்மா. இவனுங்களுக்குத் தெரிஞ்சா, கூட்டுச் சதின்னு உள்ள புடிச்சுப் போட்டுடுவானுங்க. நீ கெளம்புடி. முதல்ல போயி அவங்க மூஞ்சியப் பாரு. திரும்பி வர்றத அப்புறம் பார்த்துக்கலாம்.”

நான் பெரியம்மாவை அழைத்தேன். கிளம்பி வருகிறேன் என்றேன்.

“திரும்பறதுக்கும் டிக்கெட்டு இருக்கா?”

“டிக்கெட்டு எடுத்துடலாம் பெரியம்மா. உள்ள விடத்தான் மாட்டாங்க.”

“அப்ப வராத. பாதி வழியில எறக்கி விடற வண்டில நான் யாரையும் ஏத்தினதில்ல. உன்னய ஏத்துவேனா? அவங்ககிட்ட பேசி முடிச்சிட்டு, ராணி மாதிரி வா. நான் எங்க போகப் போறேன்?”

“பெரியம்மா…”

“சும்மா இருடி. இந்தக் கவுன்ட்டர்ல நான் சொல்றதுதான் சட்டம்.”

விசாரணைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். பிறகு அது தள்ளிப்போனது. அந்த வாரம் ‘வீடுதிரும்பல் வாரம்’. பழைய மாணவர்கள் திரும்பி வந்து கால்பந்து பார்க்கும் திருவிழா. குழுவில் இருந்தவர்களுக்கு ஊர்வல வேலை இருந்தது. ‘வீட்டுக்கு வாருங்கள், உங்களுக்காகக் காத்திருக்கிறோம்’ என்ற பதாகை கம்பத்துக்குக் கம்பம் தொங்கியது. அதற்கடியில்தான் நான் தினமும் வகுப்புக்கு நடந்தேன். தடை இருந்தாலும் வகுப்புக்குப் போகாமல் இருக்கக் கூடாது. போகாவிட்டால் முழுநேர மாணவி அல்ல.

அந்தப் பருவத்தில் எல்லோரும் படித்தாக வேண்டிய பொதுப் பாடங்களில் ஒன்று ‘உலகக் குடும்பங்கள்’. பேராசிரியர் மார்ஜரி ஸ்ட்ரௌட் நடத்தினார். தம்மை மார்ஜ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பார். பாடநூல் அவர் எழுதியது. அந்த வாரம் ஏழாம் அத்தியாயம்: தெற்காசியாவில் தாயின் சகோதரியும் தாயே என்பது பற்றி. கண்கள் பனிக்க நடத்தினார். வகுப்பின் முடிவில் ஒரு சிறு தேர்வு வைத்தார். நான் எழுதினேன். முழு மதிப்பெண். ஓரத்தில் ‘அருமை! உள்ளிருந்து எழுதியிருக்கிறாய்’ என்று எழுதி, ஒரு சிரித்த முகமும் வரைந்திருந்தார்.

என் விசாரணைக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர் என்பது பட்டியல் வந்த பிறகுதான் தெரிந்தது. உயிர் வந்ததுபோல் இருந்தது. அவர் மாணவர்களுக்கு ஒதுக்கிய நேரத்தில் போனேன். தனியாக உட்கார்ந்திருந்தார். யாரோ வந்ததைக் கண்டு திடுக்கிட்டார்.

“மார்ஜ், நீங்க எழுதினதுதான். ஏழாவது அத்தியாயம். அத அந்தக் குழுவுல சொன்னாப் போதும்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “என் கண்ணே, ஒரு அறிஞரா நான் முழுக்க முழுக்க உன் பக்கம். அந்த அத்தியாயத்துக்காக எட்டு மாசம் உங்க நாட்டுப் பக்கத்துல இருந்திருக்கேன். ஆனா ஒரு குழு உறுப்பினரா, என் புத்தகத்த நான் படிச்சிருக்கேன்னு காட்டிக்கவே கூடாது. அது பாரபட்சம் ஆயிடும். நான் ஒண்ணும் தெரியாதவளா வந்து உட்காரணும். அதுக்குத்தான் ரெண்டு நாளா என்னத் தயார் பண்ணிக்கிட்டு இருக்கேன்.”

“அப்ப நான் என்ன பண்ணட்டும்?”

“ஆவணம் கொண்டு வா. ஆவணம் இருந்தா நான் நம்ப முடியும்.”

அன்று தசைங் தொடங்கியதாக, நாற்பது மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து நேபாளி மாணவர்கள் செய்தி அனுப்பினார்கள். தான்சேனில் பெரியம்மா படுத்தபடியே சொல்லச் சொல்ல அம்மா வாற்கோதுமையை மணலில் விதைத்தாள். அதை முடித்துவிட்டு வார்டு அலுவலகத்துக்கு ஓடினாள். எங்கள் ஊரில் உறவைச் சான்றளிக்க முத்திரை உண்டு. வார்டு தலைவர் பெரியம்மாவிடம் டிக்கெட் வாங்கியே வளர்ந்தவர். “இதுக்குக்கூடவா சான்று கேக்கறாங்க? அந்த நாட்டுல தாய்மாருங்களே இல்லையா, டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, தாமே ஆங்கிலத்தில் எழுதி, இருந்த முத்திரை எல்லாவற்றையும் குத்தி அனுப்பினார். ‘தில்குமாரி, நமுனாவின் பெரிய அம்மா என்று இதனால் சான்றளிக்கப்படுகிறது.’

விசாரணை ஒரு காலையில் நடந்தது. தான்சேனில் அப்போது இருட்டிவிட்டிருக்கும். நீள மேசை. நடுவில் டாக்டர் லாக்ரிட்ஜ். ஒரு பக்கம் மார்ஜ், கழுவித் துடைத்தது போன்ற முகத்தோடு. இன்னொரு பக்கம் மாணவர் பிரதிநிதி பிரைஸ். அவன் கழுத்துப்பட்டை அவனைவிடப் பெரிதாக இருந்தது. அங்கே இருந்த கைக்குட்டைத் தாள் பஞ்சுபோல் இருந்தது. கைப்பேசிகளை ஒரு பிரம்புக் கூடையில் போடச் சொன்னார்கள்.

“உங்களுக்கு எத்தனை அம்மா?” என்று தொடங்கினார் லாக்ரிட்ஜ்.

“ரெண்டு.”

“ஒரே சமயத்துலயா?”

“ஆமா சார்.”

“சேர்க்கை விண்ணப்பத்துல ஒருத்தரைத்தான் எழுதியிருக்கீங்க.”

“அதுல ஒரு கட்டம்தான் சார் இருந்தது.”

“அப்ப இடம் இருந்திருந்தா இன்னும் எழுதியிருப்பீங்க. இது கவலைக்குரிய போக்கு.” குறித்துக்கொண்டார்.

பிரைஸ் உண்மையான ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்தான். “நான் புரிஞ்சுக்கணும்னுதான் கேக்கறேன். இவங்கள்ல யாரு மெயின்?”

மார்ஜ் மெல்லிய குரலில் கேட்டார்: “தாயின் சகோதரியைத் தாய்னு சொல்ற வழக்கம் எங்கயாவது பதிவாகியிருக்கா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“உங்க புத்தகத்துல இருக்கு, மார்ஜ்.”

“டாக்டர் ஸ்ட்ரௌட்,” என்று திருத்தினார் லாக்ரிட்ஜ். “உறுப்பினர்களோட நூல்களை இங்க எடுக்கறதில்ல.”

வார்டு தலைவரின் சான்றைக் கொடுத்தேன். மூவரும் கைமாற்றிப் பார்த்தார்கள். லாக்ரிட்ஜ் நெடுநேரம் படித்தார். “பெரிய அம்மா. அவங்க உடல்வாகு இந்தக் குழுவோட எல்லைக்குள்ள வராது, நமுனா. அதப் பத்திப் பேசறது நாகரிகமும் இல்ல.”

அப்போது கூடைக்குள் என் கைப்பேசி நடுங்கத் தொடங்கியது. பிரம்பில் மோதி மோதி, கூடைக்குள் ஏதோ உயிர் மாட்டிக்கொண்டதுபோல் சத்தம் வந்தது. நின்றது. மறுபடியும் தொடங்கியது. எழுந்தேன்.

“அது எங்க வீட்டுல இருந்து.”

“புரியுது,” என்றார் லாக்ரிட்ஜ், மிகுந்த அக்கறையோடு. “பிரைஸ், அந்தக் கூடையக் கொஞ்சம் வெளிய கொண்டு போய் வச்சிடு. நமுனாவுக்குக் கவனம் சிதறுது. இது அவங்க வாழ்க்கையில முக்கியமான நேரம்.”

பிரைஸ் கூடையை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினான். அதன் பிறகு நேர்மை பற்றிய ஓர் உரையை லாக்ரிட்ஜ் வாசித்தார். நீண்ட உரை. அதில் குடும்பம் என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. பல்கலைக்கழகத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

வெளியே வந்து அழைத்தபோது அம்மா எடுத்தாள். பின்னால் யாரோ சங்கு ஊதினார்கள்.

“கேட்டுக்கிட்டே இருந்தாம்மா. நீ எடுக்கறியா எடுக்கறியான்னு. போன அவ காதுலயே வச்சிருந்தேன். மணி அடிக்கிற சத்தத்தக் கேட்டுட்டு, ‘கெளம்பிட்டா போல இருக்கு’ன்னா. அதான் கடைசி.”

வாற்கோதுமை அப்போது விரல் நீளம் வளர்ந்திருந்ததாம்.

தீர்ப்பு மின்னஞ்சலில் வந்தது. அதற்குள் ரிடியில், காளி கண்டகி ஆற்றங்கரையில் தகனம் முடிந்து, பதின்மூன்றாம் நாள் காரியமும் ஆகியிருந்தது. தீர்ப்பு எனக்குச் சாதகம். என் பண்பாட்டுப் பின்னணியைப் பரிவோடு கருதி, நான் முதலில் சொன்ன வாக்குமூலத்தை உள்ளபடியே ஏற்பதாகக் குழு ஒருமனதாக முடிவு செய்திருந்தது. நான் அம்மா என்று சொன்னேன். ஆகவே இறந்தது அம்மா. பதிவேட்டில் என் தாயார் ஹரிமாயா கார்க்கி காலமானதாகக் குறிக்கப்பட்டது. இறந்த நாளிலிருந்து ஒரு வாரம் துக்க விடுப்பும் வழங்கப்பட்டது. அந்த வாரம் ஏற்கெனவே கழிந்துவிட்டிருந்தது. அந்நாள்களில் நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தது விதிமீறல் ஆகாதபடி, என் வருகைப் பதிவை அழித்துவிட்டார்கள். நான் இல்லாத வாரத்தில் எழுதியதால், நல்லெண்ண அடிப்படையில், மார்ஜ் அப்போது வைத்த இரண்டாம் தேர்வும் நீக்கப்பட்டது. கடைசி வரியில், நான் இப்போது நல்ல நிலையில் உள்ள மாணவி என்று இருந்தது.

கெண்ட்ரா ஓடிவந்து என் தாளை வாங்கினார். ஒரே இழுப்பில் கையெழுத்துப் போட்டார்.

“பார்த்தீங்களா? ஒரு நிமிஷம்கூட ஆகல.”

அன்றிரவு அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே பகல். அவள் மொட்டை வெயிலில் பள்ளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது.

“நான் செத்துட்டேனா?” என்றாள்.

“அங்க மட்டும்தான்மா. நான் போயி மாத்தச் சொல்றேன். அதுக்குன்னு ஒரு அலுவலகம் இருக்காம்.”

“அக்காவப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?”

“ஒண்ணும் எழுதல. அவங்க கணக்குல பெரியம்மான்னு ஒருத்தரே இல்ல.”

முதலில் சிரிப்பது போல்தான் கேட்டது.

“இல்லாதவ எப்படி சாவா? அப்ப அங்க அவ சாகலதானே? விடு நமுனா. ஒரு ஊர்லயாவது அவ சாகாம இருக்கட்டும். அதுக்கு நான் செத்துட்டுப் போறேன். எங்கயும் போயி எதையும் மாத்தாத, சொல்லிட்டேன்.”

நான் மாற்றவில்லை.

படிப்பு முடிந்தது. பட்டமளிக்கும் முடிவு விழாவை அவர்கள் தொடக்க விழா என்று அழைப்பார்கள், அதையும் கற்றுக்கொண்டிருந்தேன். அம்மா விசா வாங்கி வந்தாள். குடும்பத்தினருக்கான இருக்கைகளைப் பதிவு செய்யும்போது ஆப்ரிதான் அங்கேயும் இருந்தாள். ஹரிமாயா என்ற பெயரை அடித்ததும் திரையைப் பார்த்து அவள் முகம் வாடியது. காலமானவர்களுக்கு இருக்கை ஒதுக்க வழியில்லை. வேறு யாராவது வருகிறார்களா என்று மென்மையாகக் கேட்டாள்.

“தில்குமாரி,” என்றேன்.

அந்தப் பெயருக்கு எந்தத் தடையும் இல்லை. எந்த வரிசை வேண்டும், ஓரமா நடுவா என்றுகூடக் கேட்டாள். ஜன்னல் இருந்திருந்தால் ஜன்னலோரம் கேட்டிருப்பேன்.

விழா நாளில் அம்மாவை நானே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்தேன். பெரியம்மாவின் சால்வையைப் போர்த்தியிருந்தாள். தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்த காய்ந்த வாற்கோதுமை நாற்றை எடுத்து, என் கறுப்புத் தொப்பிக்குள் காதோரம் செருகினாள். இருக்கை காட்டும் இளைஞன் ஒருவன் பட்டியலோடு வந்தான்.

“தில்குமாரி?” என்று சிரமப்பட்டு வாசித்தான். “மாணவிக்கு நீங்க என்ன உறவு?”

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வகுப்பறையில் நிற்பதுபோல் நின்றாள்.

“நான் பெரிய அம்மா.”

“ரொம்ப சந்தோஷம். எப்படி இருக்கீங்க?”

“நான் நலமாக இருக்கிறேன்,” என்றாள் அம்மா. “நன்றி. நீங்கள்?”

அவன் பட்டியலில் குறித்துக்கொண்டு போய்விட்டான். அம்மா உட்கார்ந்தாள். முழு இருக்கையில் அல்ல. நெரிசல் வண்டியில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவதுபோல் ஒதுங்கி, பாதியில்.